கார் ஹைஜாக் நடந்து மாதங்கள் ஆகியும் பயம் விடவில்லை, யாரைப் பார்ப்பது?

மிட்ராண்ட்_மலர்

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து வாசலில் கேட் திறக்கக் காத்திருந்தபோது மூன்று பேர் துப்பாக்கியோடு வந்து வண்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு அடி கூட விழவில்லை. போன், பர்ஸ், வண்டி மூன்றும் போனது, போலீசில் கேஸ் நம்பர் வாங்கினோம், இன்சூரன்ஸ் பணமும் வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் "உயிர் தப்பியதே சாமி புண்ணியம்" என்றார்கள். நானும் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. நடுராத்திரியில் எழுந்து கேட் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது என்று ஜன்னலோரம் போய் நிற்கிறார். மின்சாரம் போனால் அன்றைக்குத் தூக்கமே கிடையாது. பையன் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் துள்ளி எழுந்து அவனைக் கத்துகிறார், அப்புறம் தனியாகப் போய் உட்கார்ந்து அழுகிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே அறையை விட்டு வெளியே போய்விடுகிறார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆபீஸில் சண்டை. எப்போதாவது குடிப்பவர், இப்போது தினமும் ராத்திரி பிராந்தி இல்லாமல் படுப்பதில்லை. ஜி.பி. (குடும்ப டாக்டர்) தூக்க மாத்திரை எழுதித் தந்தார், போட்ட அன்று தூங்குகிறார், அவ்வளவுதான். ஊரிலிருந்து என் அம்மா திருஷ்டி கழிக்கச் சொல்கிறார். இது நோயா, இல்லை இன்னும் நாள் கொடுக்க வேண்டுமா? யாரையாவது பார்க்கலாம் என்றால் "எனக்கென்ன பைத்தியமா" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

சகோதரி, மனதை விடாதீர்கள். இந்த ஊரில் இது நடக்காத வீடு எது? சாண்ட்டனில் ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நின்றபோது என் வண்டிக் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் ஒருவன். கொஞ்ச நாள் கை நடுக்கம், எந்த ரோபோவில் நின்றாலும் நெஞ்சு படபடப்பு. தானாகவே போய்விட்டது. எல்லாவற்றுக்கும் டாக்டர், மாத்திரை என்று போனால் மனிதன் இன்னும் பலவீனமாகிவிடுவான் என்பது என் கருத்து. ஊருக்கு ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வாருங்கள், இடம் மாறினால் மனம் மாறும்.

நிழல்மரம்

மலர், நான் பிரிட்டோரியாவில் கிளினிகல் சைக்காலஜிஸ்ட். நேரில் பார்க்காத ஒருவருக்கு இன்ன நோய் என்று இங்கே எழுதக்கூடாது, எழுதவும் மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லியிருப்பதைப் பார்த்தால், பொறுத்திருந்து பார்க்க வேண்டிய காலம் கடந்துவிட்டது.

வைகைக்கரை அண்ணா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2002 முதல் 2004 வரை தென்னாப்பிரிக்கா முழுக்க 4,351 பெரியவர்களைச் சந்தித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது உயிரை உலுக்கும் சம்பவம் ஒன்றைச் சந்தித்திருந்தார்கள். ஆனால் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு ஆறாமல் நிற்கும் மனநோய், என்று சொல்லத்தக்க நிலைக்குப் போனவர்கள் 2.3 சதவீதம்தான். ஆக, பெரும்பாலோருக்கு மனம் தானே ஆறிவிடுகிறது, அண்ணாவுக்கு ஆறியதுபோல. ஆனால் அவருக்கு ஆறியதை வைத்து இன்னொருவருக்கும் ஆறும் என்று சொல்ல முடியாது. ஆறாதவர் கோழை என்பதும் இல்லை. துப்பாக்கியை நெற்றியில் பார்த்தாரா, இதற்கு முன்பு வேறு அதிர்ச்சி இருந்ததா, அதற்குப் பிறகு வீட்டில் யார் எப்படிப் பேசினார்கள், இப்படிப் பல விஷயம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

நாங்கள் பார்க்கும் கணக்கு இது. முதல் மூன்று நாளிலிருந்து ஒரு மாதம் வரைக்கும் தூக்கமின்மை, நடுக்கம், கனவு எல்லாம் பலமாக இருந்தால் அதை அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர் என்று எழுதுவோம். ஒரு மாதம் தாண்டியும் நின்று, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் பி.டி.எஸ்.டி.யா என்று பார்ப்போம். அதற்கு நாலு விஷயம் வேண்டும். சம்பவம் திரும்பத் திரும்ப உள்ளே நுழைவது, அதாவது கனவு, திடீரென்று கண்முன் வரும் காட்சி, இல்லாத மோட்டார் சத்தம். அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, பேச்சை எடுத்தால் எழுந்து போவது உட்பட. மனம் மரத்துப்போவது, "என் தப்புதான், நான் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும்" என்று தன்னையே குற்றம் சொல்வது, பிடித்தவர்களோடு ஒட்டாமல் போவது. உடம்பு எப்போதும் காவலில் நிற்பது, சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது, எரிந்து விழுவது. உங்கள் பதிவில் மூன்றாவது மட்டும்தான் சரியாகத் தெரியவில்லை, அதை அவரிடமே கேட்க வேண்டும்.

முன்பு இதைப் பதற்ற நோய்களின் கூட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அதிர்ச்சி சார்ந்த நோய்கள் என்று தனி அத்தியாயமாகப் பிரித்துவிட்டார்கள். பிரித்ததற்குக் காரணம் உண்டு: இதில் பயம் மட்டும் இல்லை, குற்ற உணர்ச்சி, வெட்கம், கோபம் எல்லாம் இருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பயம் தெரியாது, கோபம்தான் தெரியும். அதனால்தான் பல மனைவிமார் "அவர் குணம் மாறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

ஒன்று இன்றைக்கே செய்யுங்கள். பிராந்தியும் தூக்க மாத்திரையும் ஒரே ராத்திரியில் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் ஜி.பி.யிடம் நாளைக்கே சொல்லுங்கள். வீட்டில் லைசன்ஸ் துப்பாக்கி இருந்தால் அதையும் சொல்லுங்கள். "இருந்து என்ன பயன்" என்ற மாதிரி பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், 0800 567 567 தற்கொலைத் தடுப்புக்கான இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

சாட்ஸ்வர்த்_அக்கா

மலர் கண்ணு, உன் பதிவைப் படித்ததும் என் தம்பி ஞாபகம்தான் வந்தது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், யாருக்காவது உதவும் என்றால் எழுது அக்கா என்றான்.

அவன் டீரூம் (தெருமுனைச் சின்னக் கடை) வைத்திருக்கிறான். கடை மூடும் நேரத்தில் உள்ளே புகுந்து அவனை முட்டி போடவைத்துப் பணத்தை எடுத்தார்கள். அதற்கப்புறம் உன் வீட்டுக்காரர் கதையேதான். கடைக்கு மூன்று பூட்டு நாலு பூட்டானது, கேமரா ஆனது, கடைசியில் பகலிலேயே கம்பிக் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக பிரெட் விற்றான். நாங்களும் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தோம். நல்லது என்று நினைத்துத்தான்.

மூன்றாவது ஆளாக ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா கிடைத்தார். அவர் முதலில் கதையே கேட்கவில்லையாம், தூக்கம், சாப்பாடு, குடி இதையெல்லாம் ஒழுங்கு செய்தார். அப்புறம் ஒரு நாள் கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல், "நான் கல்லாப்பெட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறேன், மணி அடிக்கிறது" என்று நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். போனில் பதிவு. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் தினமும் ஒரு தடவை கேட்க வேண்டும். முதல் வாரம் கேட்டுவிட்டு வாந்தி எடுத்தான். நான் அந்த அம்மாவுக்கே போன் போட்டு இது என்ன வைத்தியம் என்று சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார், இதுவரைக்கும் அந்த நினைவு வரும்போதெல்லாம் அவர் ஓடிவிட்டார், ஓடாமல் உட்கார்ந்து முடிவு வரை கேட்டால்தான் அது முடிந்துபோன விஷயம் என்று உடம்புக்குத் தெரியும் என்று.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். முட்டி போட்ட இடத்தை மட்டும் அவன் ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் தாண்டிவிடுவானாம். "அப்புறம் போய்விட்டார்கள்" என்று. அந்த அம்மா அதைக் கவனித்து அங்கேயே நிறுத்தி, தரை எப்படி இருந்தது, என்ன வாசனை, என்ன நினைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் அழுதான். பெண்சாதி பின்னறையில் இருந்தாள், அவளைக் காப்பாற்ற எழுந்திருக்கவில்லையே என்ற வெட்கம் அவனுக்கு. திருட்டுப் பயத்தை விட அதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. எங்களுக்கு யாருக்கும் தெரியாது. எழுந்திருந்தால் சுட்டிருப்பார்கள் என்று நாங்கள் நூறு தடவை சொல்லியிருக்கலாம், அவன் வாயிலிருந்து வரும்வரை அது ஏறவே இல்லை. இப்போது கம்பிக் கதவு திறந்திருக்கிறது. ராத்திரி மட்டும் சீக்கிரம் மூடுகிறான், அது நல்லதுதான்.

வைகைக்கரை

அக்கா, தம்பி நன்றாக இருப்பது சந்தோஷம். ஆனால் ஒரு சந்தேகம், கோபப்படாமல் கேளுங்கள். சிலந்தியைப் பார்த்துப் பயப்படுபவனிடம் சிலந்தி ஒன்றும் செய்யாது என்று பழக்கலாம். இங்கே ஆபத்து நிஜம். நாளைக்கே மறுபடியும் கேட்டில் ஒருவன் நிற்கலாம். அப்படிப்பட்ட ஊரில் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை மனிதனை அஜாக்கிரதை ஆக்காதா? மலரின் கணவர் ஜன்னலில் நின்று பார்ப்பது ஒருவகையில் சரியான புத்திதானே?

நிழல்மரம்

இந்தக் கேள்வியை இங்கே எல்லோருமே கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே எடுத்து வந்தால் இந்த இடத்தில்தான் இடிக்கும். ஆபத்து முடிந்துவிட்டது என்று என்னிடம் வருபவரிடம் நான் சொல்ல முடியாது, சொன்னால் அது பொய்.

நாங்கள் செய்வது, எது உண்மையாகவே பாதுகாப்புத் தருகிறது, எது பயத்தைத் தணிக்க மட்டும் செய்வது என்று உட்கார்ந்து பிரிப்பது. வீட்டுக்கு வரும் கடைசித் தெருவில் பின்கண்ணாடியைப் பார்ப்பது பாதுகாப்பு. யாராவது தொடர்ந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் ஓட்டுவது பாதுகாப்பு. கேட் திறக்கும்வரை டிரைவ்வேயில் மூக்கை நுழைத்து நிற்காமல் ரோட்டிலேயே நேராக நின்று, வழி இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அப்படியே. இதையெல்லாம் யாரும் விடச் சொல்ல மாட்டோம், தெரியாதவர்களுக்குக் கற்றும் கொடுப்போம்.

தெருவை ஆறு தடவை சுற்றுவது, பூட்டிய பூட்டைப் படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து பார்ப்பது, பெண்சாதி ஐந்து நிமிடம் போன் எடுக்கவில்லை என்றால் ஆபீஸை விட்டு ஓடிவருவது, இவை எந்தத் திருடனையும் தடுப்பதில்லை. பயத்துக்குத் தீனி போடுகிறது, அவ்வளவுதான். இன்னொன்று, ராத்திரி முழுக்கத் தூங்காதவனுக்குக் காலையில் ரோட்டில் நிஜ ஆபத்து வந்தால் கவனிக்கும் திராணி இருக்காது. எங்கேயும் ஆபத்து என்று உடம்பு கத்தினால் உண்மையான ஆபத்து எது என்றே தெரியாமல் போகும். சிகிச்சை முடிந்தவர்கள் முன்பை விட ஒழுங்காக ஜாக்கிரதையாக இருப்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

சாட்ஸ்வர்த் அக்கா சொன்னது நீடித்த வெளிப்பாட்டு முறை (புரோலாங்ட் எக்ஸ்போஷர்), பெரும்பாலும் 8 முதல் 15 வாரம், வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். நினைவைச் சொல்லும் பகுதி பாதி. மறுபாதி, தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவது. பயத்துக்கு 0 முதல் 100 வரை அவரே மதிப்பெண் போடுவார். பகலில் கராஜுக்குள் நின்ற வண்டியில் சும்மா உட்காருவது 30 என்றால் அதிலிருந்து தொடங்குவோம். மாலையில் கேட் முன்னால் வருவது 90, அது கடைசியில். இதைத் தவிர, "என் தப்புதான்" என்ற எண்ணங்களை எழுதி எழுதிச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு, வழக்கமாக 12 அமர்வு. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987-ல் தொடங்கிய ஈ.எம்.டி.ஆர். இருக்கிறது, அதில் நினைவை மனதில் பிடித்துக்கொண்டே கண்ணை இடம்வலமாக அசைக்க வேண்டும், விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, பேச விரும்பாத ஆண்கள் பலர் அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலிலும் அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சையும் ஈ.எம்.டி.ஆரும் இருக்கின்றன. தேடும்போது "கவுன்சலிங் உண்டா" என்று கேட்காதீர்கள். "பி.டி.எஸ்.டி.க்கு இதில் எந்த முறை செய்வீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

இடம் மாறுவது பற்றி: ஊருக்குப் போய் ஓய்வெடுப்பது நல்லதுதான், ஆனால் அது சிகிச்சைக்குப் பதில் ஆகாது. திரும்பி வந்து இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து வீடு வரும் வழியிலேயே எல்லாம் திரும்பிவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரைப்பெட்டி

லெனேசியாவில் ஃபார்மசியில் இருக்கிறேன். மாத்திரை பற்றிச் சொல்லிவிடுகிறேன், கவுண்டரில் தினமும் பார்ப்பது இது.

தூக்கத்துக்கும் "நெர்வ்ஸ்"க்கும் என்று தரும் மாத்திரைகளில் பல பென்சோடயசெபைன் வகை. அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் அதில்தான் சேரும். போட்ட அரைமணியில் அமைதி வரும், அதுதான் ஆபத்தும். சில வாரத்தில் உடம்பு பழகிவிடும், அளவு ஏறும். பி.டி.எஸ்.டி.க்கு இவை பலன் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சம்பவம் நடந்த முதல் மாதத்தில் பெரியவர்களுக்குக் கூட இதைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. பேச்சுச் சிகிச்சைக்கும் இது இடைஞ்சல், ஏனென்றால் பயத்தை உணர்ந்து கடக்க வேண்டிய நேரத்தில் மனம் மந்தமாகிவிடுகிறது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். ஆனால் பல வாரமாகப் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கி எறியாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

உதவும் மாத்திரை வேறு. செர்ட்ராலின், பராக்செட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ., அப்புறம் வென்லாஃபாக்சின். இவை மனச்சோர்வுக்கு (டிப்ரெஷன்) மட்டும் அல்ல, பதற்ற நோய்க்கும் பி.டி.எஸ்.டி.க்கும் தருவார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் பத்து நாளில் வயிற்றுப் பிரட்டல், சில பேருக்குப் படபடப்பு கூடுதல், அப்போதுதான் முக்கால்வாசிப் பேர் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஆரம்பத்தில் மோசமான எண்ணங்கள் வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், குறிப்பாக இளவயதினர். மற்றபடி பொறுங்கள். இது போதைப் பழக்கம் ஆகாது.

கேட்டோமேனர்_வேலன்

கோயிலில் தொண்டு செய்பவன் நான். மலர் அம்மா திருஷ்டி பற்றி எழுதியதால் சொல்கிறேன். அம்மா சொன்னதைத் தட்டாதீர்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை, உங்கள் அம்மாவுக்கும் ஏதோ செய்தோம் என்று மனம் ஆறும். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். இங்கே டர்பனில் 2021 ஜூலைக் கலவரத்துக்கும் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் பிறகு எத்தனையோ பேர் "கெட்ட காற்று பட்டுவிட்டது" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விபூதி போட்டு, உட்காரவைத்து, தூங்குகிறாயா என்று கேட்டால் பொலபொலவென்று கண்ணீர். நம் ஆட்களில் பலர் டாக்டரிடம் சொல்லாததைக் கோயிலில் சொல்கிறார்கள். அதனால் கோயிலில் இருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எங்கள் குழுவில், கேட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிளினிக் போகச் சொல்ல வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறோம்.

இன்னொன்று, மாத்திரைப்பெட்டி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காவடி விரதத்திலும் புரட்டாசியிலும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், விரதம் கெட்டுவிடும் என்று. முருகன் அப்படிக் கேட்கவில்லை அப்பா. போன வருடம் ஒரு பையன் அப்படி நிறுத்திவிட்டுக் காவடிக்கு முந்தின நாள் தலைசுற்றி விழுந்தான். மாத்திரை மருந்து, மாமிசம் இல்லை. குருக்களிடமே கேளுங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

மிட்ராண்ட்_மலர்

எல்லோருக்கும் நன்றி, அழுதுகொண்டேதான் படித்தேன். அவரிடம் நேற்று பேசினேன். நோய் என்ற பேச்சையே எடுக்காமல், அக்காவின் தம்பி கதையை மட்டும் படித்துக் காட்டினேன். முட்டி போட்ட இடம் வந்ததும் "நிறுத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அன்றைக்குப் பையன் ஜன்னலிலிருந்து பார்த்தானா என்று என்னிடம் கேட்டார். இத்தனை மாதமாக அதுதான் உள்ளே இருந்திருக்கிறது. ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறார். செலவுதான் யோசனை. மெடிக்கல் எயிட் (மருத்துவக் காப்பீடு) சேவிங்ஸ் இந்த வருடத்துக்குத் தீர்ந்துவிட்டது.

பெனோனி_கணக்கர்

மெடிக்கல் ஸ்கீம் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். எந்த பிளான் ஆனாலும் ஸ்கீம் கட்டாயம் கட்ட வேண்டிய பட்டியல் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது, பி.எம்.பி. என்பார்கள். சேவிங்ஸ் தீர்ந்தாலும் அது பொருந்தும். அண்மையில் நடந்த பெரிய அதிர்ச்சியால் வந்த அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர் அதில் உண்டு: மூன்று நாள் வரை மருத்துவமனை, அல்லது 12 வரை வெளிநோயாளி அமர்வு. பில்லில் குறியீடு எஃப்43.0 இருக்க வேண்டும். உங்களுக்கு மாதங்கள் ஆகிவிட்டதால் எஃப்43.1, அதாவது பி.டி.எஸ்.டி., என்று வரலாம். அதற்கு உங்கள் ஸ்கீம் எந்தக் கணக்கில் எவ்வளவு கட்டும் என்று எழுத்தில் கேளுங்கள், போன் பதிலை நம்பாதீர்கள். போகும் முன்பே முன் அனுமதி எண் வாங்குங்கள். ஸ்கீமின் பட்டியலில் உள்ளவரிடம் போனால் கையிலிருந்து கட்டுவது குறையும். இதைப் படிக்கும் மற்றவர்கள், சம்பவம் புதிது என்றால் முதல் மாதத்திலேயே போங்கள், பணத்துக்காகவும் சொல்கிறேன்.

யாரிடம் போனாலும் எச்.பி.சி.எஸ்.ஏ. (சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதியும் கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மெடிக்கல் எயிட்டே இல்லாதவர்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் தொடங்க வேண்டும், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். காத்திருப்பு நீளம்தான். அதுவரைக்கும் சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் எண் இலவசம், உங்கள் பகுதியில் ஆதரவுக் குழு எங்கே இருக்கிறது என்றும் சொல்வார்கள். வேலை நேரத்தில் நடந்த கொள்ளை என்றால், டெலிவரி ஓட்டுபவர்கள், கடைக் காசாளர்கள் எல்லோரும் கவனியுங்கள், பி.டி.எஸ்.டி.க்கும் கம்பென்சேஷன் ஃபண்டில் (வேலையில் அடிபட்டவர்களுக்கு ஈடு கொடுக்கும் அரசு நிதி) கோரலாம். கையில் காயம் இல்லை என்று முதலாளி சொன்னால் கேட்காதீர்கள்.

ஃபீனிக்ஸ்_தம்பி

எங்கள் ஆயா பற்றிக் கேட்கிறேன். டர்பனில் ஆற்றோரம் இருந்த டின் டவுன் குடியிருப்பில் இருந்தவர்கள் நாங்கள். 1976-ல் அம்கேனி ஆறு வீட்டை அடித்துக்கொண்டு போன பிறகுதான் ஃபீனிக்ஸில் வீடு கொடுத்தார்கள். ஆயா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. 2022 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்துத் தெருவில் மண் சரிந்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் ஆயா படுக்க மாட்டார். பத்திரங்கள், தாத்தா போட்டோ, மாத்திரை எல்லாம் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வயதானவர், இனிமேல் இதற்கெல்லாம் வைத்தியம் வேலை செய்யுமா? அவருக்குப் பயத்தைச் சொல்லத் தமிழ்தான் வரும், தமிழ் தெரிந்த சைக்காலஜிஸ்ட் டர்பனில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நிழல்மரம்

தம்பி, வயது தடை இல்லை. பல வருடம் அடங்கிக் கிடந்தது பிற்காலத்தில் எழுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது, அதே மாதிரி சம்பவம் ஒன்று கிளறிவிட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் ஜி.பி.யிடம் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்: தைராய்டு, இதயம், மறதி நோயின் ஆரம்பம். தூக்க மாத்திரை போட்டால் வயதானவர்கள் தடுமாறி விழுந்து எலும்பு முறியலாம், அதில் ஜாக்கிரதை.

பையைப் பிடுங்காதீர்கள். மழைக்காலத்துக்கு ஒரு பை தயாராக வைப்பது அந்தப் பகுதியில் நியாயமான காரியம்தான். அதைக் கதவுப் பக்கம் ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, ஆயா படுக்கலாம் என்ற இடத்துக்கு மெதுவாகக் கொண்டுவர வேண்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றால் நீங்கள் உட்காராதீர்கள், பேரன் முன்னால் அவர் பாதியை விழுங்கிவிடுவார். கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ நம்பகமான, வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரைக் கேளுங்கள், வேலன் ஐயாவே ஆள் சொல்லக்கூடும். வயதானவர்களிடம் பிறப்பிலிருந்து இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைத்து, அதில் வெள்ளத்தையும் அதன் இடத்தில் வைக்கும் முறை நன்றாக நடக்கிறது. டின் டவுன் கல்யாணங்கள், தீபாவளி எல்லாம் அதில் வரும். ஆயா சந்தோஷமாகவே சொல்வார், பாருங்கள்.

கேட்டோமேனர்_வேலன்

ஆள் இருக்கிறார் தம்பி. தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, வாய் இறுக்கம். தனிச்செய்தி அனுப்புங்கள்.

ஓட்டக்காரி

சம்பவம் எதுவும் இல்லாமலே பயம் வருபவர்களுக்காக ஒன்று எழுதுகிறேன், இந்த இழையில் அவர்களும் இருப்பார்கள். எனக்கு ஜோகன்னஸ்பர்க் எம்2 ரோட்டில் ஓட்டும்போது திடீரென்று மூச்சு முட்டி, கை மரத்து, இதோ செத்துவிடுவேன் என்று ஆனது. கேஷுவாலிட்டிக்கு ஓடினோம், இ.சி.ஜி. சரி, ரத்தம் சரி. மறுபடியும் வந்தது, மறுபடியும் ஓடினோம். அப்புறம்தான் பேனிக் டிஸார்டர் என்றார்கள். முதல் தடவை நெஞ்சு வலித்தால் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. எனக்குச் செய்தது வேடிக்கையாகத் தோன்றலாம்: டாக்டர் அறையிலேயே சுழல் நாற்காலியில் சுற்றவைத்தார், ஒல்லி ஸ்ட்ரா வழியாக மூச்சு விடவைத்தார், நின்ற இடத்தில் ஓடவைத்தார். தலைசுற்றலும் படபடப்பும் நானே வரவழைத்து, சில நிமிடத்தில் உச்சம் போய்த் தானே இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, அந்த உணர்வு மேல் இருந்த பயம் போனது. இன்றைக்கும் எப்போதாவது எம்2-வில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஓரம் கட்டுவதில்லை, ஓட்டிக்கொண்டே போகிறேன்.

மிட்ராண்ட்_மலர்

அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது, பி.டி.எஸ்.டி.க்கு ஈ.எம்.டி.ஆர். செய்பவர், பதிவும் பார்த்துவிட்டேன். பையன் பற்றி ஒன்று. அவனுக்கு ஏழு வயது. பொம்மைக் கார்களை வைத்து ஹைஜாக் விளையாட்டு விளையாடுகிறான், "இறங்கு இறங்கு" என்று கத்துகிறான். அப்பா பார்த்தால் என்ன ஆவார் என்று ஒளித்துவைக்கிறேன். ராத்திரி என்னோடுதான் படுக்கிறான்.

நிழல்மரம்

ஒளித்துவைக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளை பேசித் தீர்ப்பதில்லை, விளையாடித்தான் தீர்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் அந்த அப்பா என்ன செய்தார்?" என்று கேளுங்கள். கதை நகர்ந்தால், போலீஸ் வருகிறது, அப்பா வீட்டுக்குள் வருகிறார் என்று முடிந்தால், அவன் வழி கண்டுபிடிக்கிறான். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றி, ஆடும்போது முகம் இறுகி, சந்தோஷமே இல்லாமல் இருந்தால் அவனையும் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு என்றே அதிர்ச்சிச் சிகிச்சை இருக்கிறது, பெற்றோரையும் சேர்த்துத்தான் செய்வார்கள். படுக்கையைச் சரி செய்வது அப்புறம், அவசரமில்லை. அவன் ஜன்னலில் பார்த்தானா என்பதை நீங்கள் கேட்க வேண்டாம், அப்பாவுக்கு அந்தக் கேள்வி இருப்பதை மட்டும் முதல் நாளே சைக்காலஜிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். எப்போது, எப்படிக் கேட்பது என்று அவர்கள் மூவரையும் வைத்து முடிவு செய்வார்கள். வகுப்பு டீச்சரிடம் நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவையுங்கள். டர்ம் முடிவதற்குள் சொல்லுங்கள், ஏனென்றால் விடுமுறைக்குப் பிறகு வரும் புது டீச்சர் அவன் கவனம் சிதறுவதைக் குறும்பு என்று எழுதிவிடுவார்.

மிட்ராண்ட்_மலர்

நாளைக்கே டீச்சருக்கு எழுதுகிறேன். சுற்றிப் போட எலுமிச்சம்பழமும் வாங்கிவிட்டேன் வேலன் ஐயா, அம்மா வீடியோ காலில் இருந்து பார்ப்பாராம்.